தரையில்லாத கூடாரம்

சதுப்பில் இறக்கிவிடப்பட்டவர்கள் வேறு வழியின்றிக் கற்ற வித்தையை மலையேறிகள் இப்போது விரும்பி முதுகில் சுமக்கிறார்கள்

மே மாதம் முடியப் போகிறது. மும்பை மான்கூர்ட் ஸ்டேஷனில் இறங்கி ட்ராம்பே போகும் பஸ்ஸைப் பிடித்தால், தாணே கடற்கழியின் சதுப்புக் காடு தொடங்கும் இடத்தில் சீத்தா கேம்ப் வருகிறது. சந்துக்குச் சந்து ஒரே வேலை. மாளாவில் (வீட்டுக்குள் போட்ட பரணுக்கு மும்பைத் தமிழர்கள் வைத்திருக்கும் பெயர்) எட்டு மாதமாகச் சுருண்டு கிடந்த நீலத் தார்பாய்கள் கீழே இறங்குகின்றன. வெயிலில் விரித்து, தூசி தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடுகிறார்கள். ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை வந்துவிடும். அதற்குள் தகரக் கூரைகளின் மேல் இவை ஏறியாக வேண்டும்.

எழுபதைக் கடந்த என் பெரியப்பா இந்த வேலையை இன்னும் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. தார்பாயின் மூலையில் உலோக வளையம் இருக்கிறது. கயிறு கோப்பதற்கென்றே வைத்தது. அவர் அதைத் தொடுவதில்லை. எலுமிச்சம்பழ அளவில் உருண்டைக் கல் ஒன்றை மூலைக்குச் சற்று உள்ளே தள்ளி வைத்து, தார்பாயால் அதைப் பொதிந்து, கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இறுக்குகிறார். “வளையத்த நம்பாதலே. காத்துல மொதல்ல பிய்யிறது அதுதான்” என்கிறார். மும்பைக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

அந்தத் தார்பாய்க்கு வருடத்தில் இரண்டு உத்தியோகம். மழைக்காலத்தில் பெரியப்பா வீட்டுக் கூரை. மழை விட்டபின் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கசாரா லோக்கலில் என்னோடு சஹ்யாத்ரி மலைக்கு வந்து கூடாரமாக நிற்கும். தரை கிடையாது, உள்ளே வலையறை கிடையாது, ஜிப் கிடையாது. இரண்டு கம்பு, ஆறு கயிறு, அவ்வளவே.

கடையில் விற்கும் கூடாரம் என்னிடமும் ஒன்று இருந்தது. சுமார் 10 ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில் அதைத் தூக்கிக்கொண்டு ஹரிச்சந்திரகட் போனேன். 1,400 மீட்டரைத் தாண்டும் உயரம். பாச்னை கிராமத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேர ஏற்றம். மேலே பழைய கோயிலும் குகைகளும் இருக்கின்றன. இருவர் படுக்கும் குவிமாடக் கூடாரம், மூன்று கிலோ, அடியில் தண்ணீர் புகாத தடித்த தரை. அதன் அட்டைப்பெட்டி கொடுத்த தைரியத்தில், ‘சமதளம்’ என்று கண்ணுக்குப் பட்ட ஒரு புல்வெளியில் அடித்தேன். பத்து மணிக்கு, விடைபெறும் பருவமழை இடியோடு திரும்பிவந்தது. நான் சமதளம் என்று நினைத்தது ஒரு தட்டையான பள்ளம் என்று பதினொரு மணிக்குத் தெரிந்தது. கூடாரம் படகு போல லேசாக மிதந்தது. பிறகு தரையின் தையல்கள் வழியே தண்ணீர் உள்ளே வந்தது. வந்த தண்ணீர் வெளியேற வழியில்லை: தண்ணீர் புகாத தரை, தண்ணீரை விடாத தரையும்கூட. விடியும்வரை ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பதடி தள்ளி, கல்யாண் பக்கத்திலிருந்து வந்த மூன்று மராத்தி இளைஞர்கள் ஒரு நீலத் தாட்பத்ரியைக் கட்டிப் படுத்திருந்தார்கள். (தார்பாய்க்கு மும்பை முழுவதும் வழங்கும் பெயர் தாட்பத்ரி.) லேசான சரிவான இடம். மழைத் தண்ணீர் அவர்களுக்கு மேலே ஒரு பாறையில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஓடியது. காலையில் எனக்கு டீ கொடுத்தவர்களும் அவர்களே.

ஊர் திரும்பிக் கதையைச் சொன்னபோது பெரியப்பா கூடாரத்தின் விலையையோ கம்பெனியையோ கேட்கவில்லை. “எங்கலே போட்டே? மேடா, பள்ளமா?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வருடம் இருக்கிறது: 1976. சீத்தா கேம்ப் மக்களில் பெரும்பாலோர் அதற்குமுன் வாழ்ந்தது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனியில். நகரின் வேறு பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு மாநகராட்சியே காட்டிய இடம் அது. பின்னாளில் அந்த நிலம் அணு மையத்துக்குத் தேவைப்பட்டது. காலி செய்யச் சொன்னதும் மக்கள் எதிர்த்தார்கள். கோலார் தங்க வயலிலிருந்து மும்பைக்கு வந்து தச்சு வேலை பார்த்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் அந்தப் போராட்டத்தில்தான் தலைவரானார். பின்னர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவி, 2000-ல் மகசேசே விருது பெற்று, 2018-ல் மறைந்த அதே அற்புதம்தான். வழக்கு, ஊர்வலம், டில்லிப் பயணம் என்று பல ஆண்டுகள் இழுத்த சண்டையை நெருக்கடி நிலை முடித்துவைத்தது. 1976 மே மாதத்தில் சுமார் 70,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள்.

இறக்கிவிடப்பட்ட இடம் சதுப்பு. குடும்பத்துக்கு 15 அடிக்கு 10 அடி என்று கோடு போட்ட மனை. மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை குடியிருக்கும் வீடுகளை இடிப்பதில்லை என்று மகாராஷ்டிரத்தில் இன்று அரசாணை உண்டு. அன்று மே மாதமே போதுமானதாக இருந்தது.

இடிந்த வீட்டிலிருந்து எடுத்துவந்த மூங்கில், சாக்கு, பிளாஸ்டிக் தாள்: முதலில் எழுந்தது கூரைதான். தரை என்று ஒன்று இல்லை. தரை இருக்கவேண்டிய இடத்தில் உப்புச் சேறு இருந்தது. மேலிருந்து விழும் மழையை ஒரு தாள் தடுத்துவிடும் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. தடுக்க முடியாதது கீழிருந்து வந்தது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கழியில் நீர் ஏறும்போது, மழையே இல்லாத நாளிலும் மனை நனைந்தது. கழற்றிக் கொண்டுவந்த பழைய கதவைச் செங்கல் மேல் வைத்துக் குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். பெரியவர்கள் குந்தியபடி இரவைக் கழித்தார்கள். பிறகுதான் பர்ணி. இடிபாட்டு மண்ணையும் கல்லையும் கொட்டி நிலத்தை மேடாக்குவதற்கு மும்பையில் அந்தப் பெயர். கையில் காசு சேரும்போதெல்லாம் கொஞ்சம் பர்ணி வாங்கிப் போட்டு, மிதித்து, அது அமிழ்ந்ததும் மறுபடி போட்டு, சிமெண்ட் தரை என்று சொல்லிக்கொள்ள எங்கள் பெரியப்பா வீட்டுக்கு ஏழு மழைக்காலம் ஆயிற்று.

கூடாரத்தின் வரலாறும் ஏறக்குறைய இதே வரிசைதான்: முதலில் கூரை, வெகு காலத்துக்குப் பிறகு தரை. லடாக்கின் சாங்பா மேய்ச்சல்காரர்கள் யாக் ரோமத்தில் நெய்யும் கறுப்புக் கூடாரமான ரெபோவுக்குத் தரை கிடையாது. உச்சியில் புகை போக நீண்ட திறப்பு உண்டு. அரபுப் பாலைவனத்தின் ஆட்டு ரோமக் கூடாரமும் அப்படியே. தரையைக் கூடாரத்தோடு சேர்த்துத் தைத்தது பனிமலைக்காரர்களின் தேவை. 1865-ல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டிய எட்வர்ட் விம்ப்பர் தனக்காக வடிவமைத்த கூடாரத்தில், ரப்பர் பூசிய தரைத் துணி பக்கச் சுவர்களின் மேல் கொஞ்சம் ஏறி நின்றது. 1911-ல் தென் துருவம் போன அமுண்ட்சனின் கூடாரத்திலும் தரை சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. காற்று வாரியடிக்கும் தூள் பனி உள்ளே புகாமலிருக்க அது சரியான யோசனை. அதே யோசனை கொட்டும் மழை நாட்டுக்கும் அப்படியே வந்து சேர்ந்ததுதான் என் ஹரிச்சந்திரகட் தொட்டி.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955-ல், தமது 67-வது வயதில், சுமார் 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் கொண்டுபோகவில்லை, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று இருந்தது. 1990-களில் ரே ஜார்டின் என்பவர், நெடுந்தூரம் நடப்பவர்களுக்குக் கூடாரமே வேண்டாம், ஒரு விரிப்புக் கூரை போதும் என்று எழுதி ஒரு தலைமுறையையே மாற்றினார். இப்போது அங்கே அதற்கென்று சிலிகான் பூசிய நைலான், கார்பன் கம்பு என்று தனிச் சந்தையே இருக்கிறது. விலையைச் சொன்னால் பெரியப்பா நம்பமாட்டார்.

நமக்குக் கணக்கு எளிது. 12 அடிக்கு 9 அடித் தார்பாய் ஏறக்குறைய 10 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் தாள் என்றால் சதுர மீட்டருக்கு 120 கிராம்; மொத்தம் 1.2 கிலோ. அதில் இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் நெருக்கியும் படுக்கலாம். கீழே விரிக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் கால் கிலோ. கடைக் கூடாரத்தின் பாதி எடை. நனைந்தால் இரண்டு உதறு உதறிச் சுருட்டிவிடலாம். சேற்றுச் செருப்போடு உள்ளே வரலாம். ஈர மூட்டையை உள்ளேயே ஓரமாக வைக்கலாம்.

ஆனால் மிச்சமான எடைக்கு வேறு விதத்தில் விலை உண்டு. தரை செய்யவேண்டிய வேலையை இப்போது உங்கள் கண் செய்யவேண்டும். மாலை வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்ப்பது அதனால்தான். தட்டையான இடம் ஆகாது. குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் தானே ஓடுகிற அளவுக்காவது சரிவு வேண்டும். தலை மேட்டுப் பக்கம். புல் ஒரே திசையில் படிந்து கிடந்தால், சருகு கோடு கட்டி ஒதுங்கியிருந்தால், அது தண்ணீர் நடந்த பாதை. இன்றும் அதே வழியில்தான் நடக்கும். மிதித்து மிதித்து இறுகிப்போன பழைய முகாம் இடங்கள் பார்க்க வசதியாக இருக்கும், நடுவில் குழிந்திருக்கும். அதைவிடப் பக்கத்துப் புல் தரை மேல். சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவது அந்தக் காலத்து வழக்கம். மலைச் சரிவில் அப்படி வெட்டிய கோடு அடுத்த மழையில் ஓடையாகிவிடும். வெட்டவேண்டிய நிலை வந்தால் இடம் தப்பு என்று அர்த்தம்.

கட்டுவதில் சஹ்யாத்ரி ஒரு தொல்லை கொடுக்கும். கறுப்புப் பாறையின் மேல் நாலு விரற்கடை மண்; முளை இறங்காது. பெரிய கற்களில் கயிற்றைச் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றவேண்டும். முதுகுப் பக்கம் காற்றுக்கு. அந்தப் பக்க ஓரம் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வாக. மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும். ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் படுத்தால் அது எட்டாது. கீழே விரிக்கும் தாள் கூரையைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், கூரையில் வழியும் தண்ணீரை அது பிடித்து உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். முதல் தடவை எல்லோரும் செய்கிற பிழை இது; நானும் செய்தேன். உச்சிக் கயிறு வழியாக நீர் வடிந்து உள்ளே சொட்டினால், தார்பாய்க்கு வெளியே அந்தக் கயிற்றில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், நீர் நூல் வழியாகக் கீழே இறங்கிவிடும். சீத்தா கேம்ப்பில் மின்சார ஒயர் வழியே மழைநீர் வீட்டுக்குள் வராமலிருக்க ஒயரைக் கொஞ்சம் தொய்யவிடுவார்கள், அதே சூத்திரம்.

இரு முனைகளையும் இறுக மூடிவிட்டால் இரவெல்லாம் விடும் மூச்சு உச்சியில் வியர்த்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். உள்ளே அடுப்பு வேண்டாம். நான்கு பக்கமும் தாழ்ந்திருக்கும்போது கார்பன் மோனாக்சைடு நச்சு எந்தக் கூடாரத்திலும் ஒன்றுதான். கொங்கண் கடா போன்ற பாறை முகட்டின் விளிம்பில் கட்டவே வேண்டாம். அங்கே கீழிருந்து மேலே வீசும் காற்று, எறிந்த துணியைத் திருப்பித் தரும் என்பது மலையேறிகளுக்கு வேடிக்கை. இரவில் தார்பாய்க்குள் இருப்பவனுக்கு அல்ல.

இதுவரை சொன்னது நனைவது பற்றி. நனைந்தால் ஓர் இரவுதான் போகும். பாம்பு விஷயம் வேறு. மேல்நாட்டு நூல்கள் தரையில்லாத கூடாரத்தைப் புகழும்போது கட்டுவிரியனை மனதில் வைத்து எழுதுவதில்லை. இரவில் உலாவுவது, தரையில் தூங்குபவரைத் தூக்கத்திலேயே கடிப்பது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாதது, சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகளை முடக்குவது — இந்தியக் கிராமங்களில் கட்டுவிரியன் கடியின் வழக்கமான கதை இது. மும்பையைச் சுற்றியுள்ள மலைகளிலும் அது உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக் கடி குறைவு என்று கண்டது. வலையின் விளிம்பைப் படுக்கைக்கு அடியில் முழுக்கச் செருகியிருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். எனவே தரை வேண்டாம் என்பவர்களும் 300 கிராம் வலை ஒன்றை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கம்பிலிருந்து தொங்கவிட்டு, ஓரங்களை விரிப்புக்கடியில் மடித்துவிடலாம். அட்டைக்கும் உண்ணிக்கும் அதுவே காவல். சாப்பாட்டுச் சிதறல் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். சமையல் படுக்கையிலிருந்து தள்ளித்தான். இதையும் மீறிக் கடி பட்டால் கத்தி, கட்டு, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆகவே, கிராமம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் இடம் பார்ப்பதில் சேர்த்திதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மலைகளில் நான் தார்பாய் கட்டுவதில்லை. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி அந்த நான்கு மாதங்களில். தக்காணத்து தங்கர் இடையர்களே அப்போது இங்கே நிற்பதில்லை. மழை விட்டபின் ஆடுகளோடு கொங்கணத்துக்கு இறங்குபவர்கள், மழைக்கு முன் மலையைத் தாண்டி வறண்ட பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நெடுநல்வாடையின் தொடக்கத்திலும், பெருமழையை வெறுத்த கோவலர் தங்கள் நிரையை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போவதுதான் காட்சி. கூரையைக் கெட்டியாக்குவதற்கு முன் நிலத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

தரையில்லாத கூடாரத்தை நம்பலாமா என்று மலையேறும் நண்பர்கள் கேட்கும்போது, நம்பலாம், இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிகிற வரையில் என்பேன். ஹரிச்சந்திரகட்டில் எனக்கு மலை முழுவதும் இடம் இருந்தது. நான் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1976-ல் 15-க்கு 10 அடிக் கோட்டுக்குள் நின்றவர்களுக்கு அரை அடி நகரவும் உரிமை இல்லை. அதனால்தான் அவர்கள் நிலத்தையே உயர்த்தவேண்டியிருந்தது.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. சந்துக்கு ஒவ்வொரு முறை புதிதாகக் கான்கிரீட் போடும்போதும் அது கொஞ்சம் உயர்கிறது. வீட்டுத் தரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெரியப்பா வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கித்தான் போகவேண்டும். வாசலில் ஓரடி உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்பு கட்டியிருக்கிறார். பேரன் பேத்திகள் அதைத் தாண்டிக் குதித்து விளையாடுகிறார்கள்.

கூரையில் தார்பாயைக் கட்டி முடித்துவிட்டு இறங்கியவர், கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல்லைத் தள்ளினார். பிறகு மாநகராட்சி வெளியிடும் கடல் ஏற்ற அட்டவணையை என் செல்போனில் தேடச் சொன்னார். ஜூன் மாதத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். காலண்டரில் கரிக்கோடு போட்டுக்கொண்டே வந்தார்.